நெகட்டிவ் மேல் கத்தி வைக்காதே

கும்பகோணத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவன் நான். இப்போது ஷட்டரைத் திறப்பது மகன். எனக்கு வாசல் நாற்காலி. புதுக் கேமரா வாங்கிய பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து நிற்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "ஐயா, எடிட்டிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" பேரைச் சொன்னதும் கிளம்பிவிடுவார்கள் என்பதால் அதைக் கடைசிவரை வைத்திருப்பேன். அதற்குள் அவர்களுக்குச் சொல்வதுதான் கீழே இருப்பது. 'நீ' என்று எழுதுவதை என் வயதுக்காகப் பொறுத்துக்கொள்.

1. முதலில் நான் செய்த தவறைக் கேள்.

1979-ல் எனக்குப் பதினெட்டு வயது. குருநாதரின் ஸ்டுடியோவில் டச்சிங் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண குரூப் போட்டோ. மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியில் ஃபிளாஷ் பட்டு வெள்ளைத் திட்டு. பிரின்டில் வெள்ளையாக வருவது நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பை பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டினால் திட்டு அடங்கும். சுரண்டினேன். கை வழுக்கியது. இடது கண் இருந்த இடத்தில் எமல்ஷன் பெயர்ந்து, பிரின்டில் கரிக்கோடாக வந்தது. அந்த ரோலின் பன்னிரண்டு ஃபிரேமில் இரு வீட்டாரும் முழுசாக நின்றது அது ஒன்றில்தான். குருநாதர் அடிக்கவில்லை. "பிரின்டில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடு, நெகட்டிவ் மேல் கத்தி வைக்காதே" என்றார். சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான்.

2. மூலப்படத்தைத் தொடாத சாஃப்ட்வேரை எடு.

எடிட்டிங் சாஃப்ட்வேரில் இரண்டு சாதி உண்டு. ஒன்று படத்தின் மேலேயே எழுதும். 'சேவ்' அழுத்தி மூடிவிட்டால் பழைய படம் போனதுதான். மற்றொன்று படத்தைத் தொடாது. 'வெளிச்சம் இவ்வளவு கூட்டு, இங்கே வெட்டு' என்று நீ சொன்னதைக் குறிப்பாக மட்டும் எழுதிவைத்து, பார்க்கும்போது அதன்படி காட்டும். லைட்ரூம், டார்க்டேபிள், ரா தெரபி எல்லாம் இந்த இரண்டாவது சாதி. ஐந்து வருடம் கழித்துத் திறந்தாலும் முதல் நாள் நிலைக்குத் திரும்பலாம்.

அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். டார்க்டேபிள் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எக்ஸ்எம்பி என்ற சின்ன ஃபைலாக வைக்கும். லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் கேட்டலாக் என்ற ஒரே பேரேட்டில் எழுதும். படத்தை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, "நான் செய்த வேலையைக் காணோம்" என்று அழுதபடி வந்தவர்கள் உண்டு. வேலை பழைய கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருந்தது.

3. படம் எங்கே போகப்போகிறது?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும்தான் என்றால் போனிலேயே ஸ்னாப்சீட் போதும்; காசு கிடையாது. தெருவையும் கோயிலையும் மனிதரையும் எடுத்து அடுக்கிவைக்க ஆசை என்றால் லைட்ரூம் அல்லது டார்க்டேபிள். கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிப் பிழைக்கப்போகிறாய் என்றால் போட்டோஷாப்பைக் கற்றே தீரவேண்டும். கடைகளில் கிடைக்கும் ஆல்பம் டிசைன்களும் டிசைனர்கள் கைமாற்றுகிற ஃபைல்களும் அதன் பிஎஸ்டி வடிவில்தான் வருகின்றன. ஜிம்ப் அவற்றைத் திறக்கும். ஆனால் எல்லா லேயரும் போட்டது போட்டபடி வரும் என்று சொல்ல முடியாது.

4. ரா எடுக்கிறாயா, ஜேபெக் எடுக்கிறாயா?

ஜேபெக் என்பது கேமராவே கழுவிக் கொடுத்த பிரின்ட். ரா என்பது உன் நெகட்டிவ். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. மண்டபத்து இருட்டு மூலையில் நிற்கும் பாட்டியின் முகத்தைத் தூக்கிப்பார், வித்தியாசம் தெரியும். ஜேபெக்கில் முகம் திட்டுத்திட்டாகச் சிதறும். ராவில் சுருக்கம் சுருக்கமாக எழுந்து வரும். ராவுக்குள் ஒளிந்திருக்கும் விவரத்தை வெளியே கொண்டுவருவதற்குத்தான் சாஃப்ட்வேர் வேண்டும்.

புதுக் கேமராவின் ராவைப் பழைய சாஃப்ட்வேர் திறக்காது. சாஃப்ட்வேரின் ஆதரவுப் பட்டியலில் உன் கேமரா மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு.

5. ஏற்கெனவே கிடைத்ததைத் திறந்து பார்.

கேனான் வைத்திருந்தால் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கான் என்றால் என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனி என்றால் இமேஜிங் எட்ஜ். மூன்றையும் கம்பெனிகள் இலவசமாகவே தருகின்றன. கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். ஆனால் கேமரா திரையில் நீ பார்த்த நிறத்தை அதே சாயலில் காட்டும். முதல் மூன்று மாதத்துக்கு இது தாராளம்.

6. வாடகையா, சொந்தமா, தருமமா?

அடோபி 2013-ல் தன் சாஃப்ட்வேர்களைச் சந்தா முறைக்கு மாற்றத் தொடங்கியது. போட்டோஷாப்பும் லைட்ரூமும் இன்று வாடகை வீடு மாதிரி: வசதி உண்டு, வாடகை நின்றால் எடிட்டிங் கதவு பூட்டிக்கொள்ளும். மாதாமாதம் இந்தத் தொழிலில் வருமானம் வருகிறவனுக்கு அது செலவே இல்லை. கல்லூரியில் படிக்கிற உனக்கு எதற்கு?

ஜிம்ப், டார்க்டேபிள், ரா தெரபி மூன்றும் முழு இலவசம். முப்பது நாள் கழித்துப் பூட்டிக்கொள்கிற வெள்ளோட்டப் பிரதிகள் அல்ல. ஜிம்ப்பைத் தொடங்கியவர்கள் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள், வருடம் 1995. உன் வயதுப் பிள்ளைகள் உருவாக்கியதை 'ஓசிதானே' என்று இளக்காரம் பண்ணாதே.

7. கிராக் காப்பி வேண்டாம்.

நியாயம் பேசவில்லை, பட்டதைச் சொல்கிறேன். யாரோ கொடுத்த பென் டிரைவில் இருந்து ஒருமுறை ஏற்றினேன். வைரஸ் புகுந்து ஒரு சீமந்தத்தின் படங்கள் மொத்தமும் போயின. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சீமந்தத்தைத் திருப்பி நடத்த முடியுமா?

8. திரை பொய் சொல்லும்.

"லேபில் பிரின்ட் போட்டால் எல்லாம் இருட்டாக வருகிறது" என்பது என்னிடம் வரும் இரண்டாவது பெரிய புகார். லேப் மேல் தப்பில்லை. லேப்டாப் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து எடிட் பண்ணினால், படம் இருட்டாக இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடி; தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை குறை. ஹிஸ்டோகிராமைப் பார்க்கப் பழகு. அது உன் கண்போல ஏமாறாது. லேப் வேறு கேட்டாலொழிய எஸ்ஆர்ஜிபி நிறத்திலேயே அனுப்பு. 4-க்கு 6 பிரின்டுக்கு 1200-க்கு 1800 பிக்சல் போதும்.

9. ஐந்து வேலை, ஒரு வருடம், ஒரே சாஃப்ட்வேர்.

வெட்டுவது, ஒயிட் பேலன்ஸ், வெளிச்சம், கான்ட்ராஸ்ட், புள்ளி நீக்குவது. இந்த ஐந்தும் கைக்கு வரும்வரை வேறு மெனு பக்கம் போகாதே. ஒயிட் பேலன்ஸுக்கு ஒரு பரீட்சை: அரக்குப் பட்டுப்புடவையை மண்டபத்து எல்இடி விளக்கில் எடு. கேமராவில் கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிருக்கும். அதை அரக்குக்கே திரும்பக் கொண்டுவந்து, புடவைக்காரரிடம் காட்டி, அவர் தலையாட்டினால் நீ தேறிவிட்டாய்.

போட்டோஷாப்பில் 'டாட்ஜ்' கருவியின் படத்தைப் பார்த்திருக்கிறாயா? குச்சியில் ஒட்டிய வட்டம். 'பர்ன்' கருவிக்குக் குவித்த கை. இரண்டும் எங்கள் டார்க் ரூமில் இருந்து போனவை. என்லார்ஜர் வெளிச்சத்தின் குறுக்கே கம்பியில் ஒட்டிய அட்டையை ஆட்டினால் அந்த இடம் வெளுக்கும். கையைக் குவித்து அந்த இடைவெளி வழியாக வெளிச்சத்தை விட்டால் அந்த இடம் கறுக்கும். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஓரம் கோடாக விழும். இன்றைக்கும் ஓரத்தை மெதுவாக்கிப் பூசு என்று சொல்வது அதனால்தான். சாஃப்ட்வேர் மாறும், இந்தக் கைப்பழக்கம் கூடவே வரும்.

10. ஒரே கிளிக்கில் வெளுக்க வைக்காதே.

"கொஞ்சம் கலராகப் போடுங்கள்" என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் பவுடர், இன்று ஆப். மாநிறத்து முகத்தை வெளுத்தால் முதலில் காணாமல் போவது கன்னத்தின் வளைவு. அடுத்தது அந்த ஆள். முகத்துக்கு வெளிச்சம் கொடு, தோலை மாற்றாதே. இந்தப் பொத்தான் இருக்கிறது என்பதற்காக ஒரு ஆப்பை எடுக்காதே.

11. சாஃப்ட்வேரும் ஒருநாள் சாகும்.

பிக்காசா இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு காலத்தில் உண்டா? கூகுள் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே முடித்த படத்தை ஜேபெக்காகவும் வெளியே எடுத்துவை. மூலம் ஒரு டிஸ்கில், அதன் நகல் இன்னொன்றில், அந்த இன்னொன்று வேறு வீட்டில்.

12. சரி, பேர்.

போன் மட்டும் என்றால் ஸ்னாப்சீட். கேமரா வந்துவிட்டால் கம்பெனி சாஃப்ட்வேரில் மூன்று மாதம், பிறகு டார்க்டேபிள். அது முரண்டு பிடித்தால், சம்பாதிக்க ஆரம்பித்தால், லைட்ரூம். ஆல்பம் வேலை வந்த அன்று போட்டோஷாப். இவ்வளவுதான்.

இதைச் சொல்லி முடித்ததும் மேஜை டிராயரில் இருந்து அந்த 1979 நெகட்டிவை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டுவேன். போன வாரம் வந்த பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் பண்ணிக் கொடுங்க ஐயா, ஏஐ-யில் கண்ணை வரவைத்துவிடலாம்" என்றாள்.

வரும், அம்மாடி. ஆனால் அது அந்த மாப்பிள்ளையின் கண்ணாக இருக்காது.