பிடரியில் தொடங்கும் தலையிடிக்கு வீட்டுப் பயிற்சி

தலையிடி என்றால் இரண்டு பனடோல், நெற்றிக்குக் கொஞ்சம் சித்தாலேப. எங்கள் வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் தோட்டத்தில் குனிந்து வெங்காயம் நடுபவர், தையல் மெஷினில் நாள் முழுக்க இருப்பவர், ரியூசன் வாங்கிலிருந்து எழும்பி இரவிலும் புத்தகத்தில் கவிழ்ந்திருக்கும் உயர்தர மாணவர் ஆகியோரின் தலையிடிக்குக் காரணம் பல வேளைகளில் கழுத்தில்தான் இருக்கிறது. குளிசை வலியை அன்றைக்கு அடக்கும். கழுத்தைப் பழக்காவிட்டால் அடுத்த கிழமையும் அது வரும்.

கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் 3 நரம்புகளும் முகத்தின் உணர்வைக் கொண்டுவரும் நரம்பும் மூளைத்தண்டுக்குக் கீழே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் பிடரியில் எழும் வலியை நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ உணர்கிறோம். நோர்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஸ்யோஸ்டாட் 1983இல் இதைத் தனி வகைத் தலையிடியாக விவரித்தார்.

உங்களுடையது இந்த வகையா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கமாகவே இடிக்கும். பிடரியில் தொடங்கி முன்னுக்கு ஏறும். கழுத்தைத் திருப்பினாலோ ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தாலோ கூடும். கதிரையில் நிமிர்ந்திருந்து முகத்தை இரு தோள்களின் பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வலிக்கும் பக்கம் குறைவாகவே திரும்பும். ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் கழுத்து நோகும் என்பதால், ஒளி கூசுவதும் குமட்டலும் சேர்ந்து வந்தால் நீங்களே முடிவு கட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். திடீரென்று வந்த, முன்பு அறியாத கடும் தலையிடி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் சோர்தல், பார்வை இரண்டாகத் தெரிதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், மோட்டார் சைக்கிளால் விழுந்த பின் வந்த வலி ஆகியவற்றுக்கு உடனே 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தலையிடியையும் கர்ப்பிணிகளின் தலையிடியையும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் சூட்டில் தொடங்கலாம். துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, பிடரியிலும் தோள்களிலும் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். சலரோகத்தால் தோல் உணர்வு குறைந்தவர்கள் வேறொருவரைக் கொண்டு சூட்டைப் பார்ப்பித்த பிறகே வைக்க வேண்டும்.

அடுத்தது இறுக்கம் தளர்த்தல். பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் ரெனிஸ் பந்துகள் இரண்டை ஒரு காலுறைக்குள் போட்டு முடியுங்கள். பாயில் மல்லாந்து படுத்து, தலைமயிர் தொடங்கும் இடத்தில், முள்ளந்தண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு பந்து வரும்படி வைத்துத் தலைப்பாரத்தை விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். பிறகு கதிரையில் இருந்து, வலக்கையால் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் சரியுங்கள். வலத் தோளில் இழுவை தெரியும். 30 விநாடி, மூன்று தரம். மற்றப் பக்கமும் அப்படியே. இழுவை தெரியலாம், நோகக் கூடாது.

இதுவரை செய்தது ஆறுதலுக்கு. இனி வருவதுதான் உண்மையான வைத்தியம். நான் பார்த்தவரையில் ஆட்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான், ஏனென்றால் செய்யும்போது ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். கழுத்தின் முன்பக்க ஆழத்தில் முள்ளந்தண்டோடு ஒட்டிக் கிடக்கும் சிறு தசைகள் சோர்ந்துபோனால், ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்கும் வேலை வெளித்தசைகளிடம் போகிறது. அவை இறுகுவது அதனால்தான்.

முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். முகம் கூரைக்கு நேராக இருக்கும்படி தலைக்குக் கீழே மடித்த துவாய் ஒன்றை வையுங்கள். இப்போது ‘ஓம்’ என்று தலையாட்டுவதுபோல நாடியை மிக மெதுவாகக் கழுத்தை நோக்கி இறக்குங்கள். பின்தலை துவாயை விட்டு எழும்பக் கூடாது. இரண்டு விரல்களைக் கழுத்தின் முன்பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: காதின் பின்னிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசை நாண்போல விறைத்து எழுந்தால் நீங்கள் கூடுதலாக முக்குகிறீர்கள். அது மெத்தென்று இருக்கும் அளவுக்கு முயற்சியைக் குறையுங்கள். 10 விநாடி பிடித்து விடுங்கள், மூச்சை அடக்க வேண்டாம். 10 தரம், காலையும் இரவும். இயன்மருத்துவர்கள் கழுத்தின் கீழே ஒரு காற்றுப்பையை 20 மில்லிமீற்றர் பாதரச அழுத்தத்தில் வைத்து, இரண்டிரண்டாக 30 வரை ஏற்றி இதே பயிற்சியை அளந்து கற்பிக்கிறார்கள். 20இலிருந்து 22க்கு ஏற்றிப் பிடிக்கவே திணறுபவர்கள் உண்டு. முக்கித் தக்கி வெல்லும் பயிற்சி இது இல்லை.

இதோடு தோள்பட்டை எலும்புகளை மெதுவாகப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து 10 விநாடி பிடிப்பதையும் சேருங்கள். வேலைக்கு நடுவில் இருந்தபடியே செய்யலாம். அவுஸ்திரேலியாவில் குவென்டொலின் ஜல் குழுவினர் 200 பேரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், 6 கிழமை கைச்சிகிச்சையோ இத்தகைய பயிற்சியோ பெற்றவர்களுக்குத் தலையிடி குறைந்தது. 12 மாதம் கழித்தும் அந்தப் பயன் நிலைத்திருந்தது.

வலிக்கக் காரணமான வேலையையும் கவனியுங்கள். திருவலையை நிலத்தில் வைத்துக் குனியாமல் மேசையில் பூட்டும் வகைக்கு மாறலாம். புல்லுப் பிடுங்கும்போதும் தைக்கும்போதும் அரை மணிக்கு ஒருமுறை எழும்பி நடவுங்கள். போனை முகத்துக்கு நேரே உயர்த்துங்கள். பஞ்சு அடைத்த உயரத் தலையணை இரண்டை அடுக்கிப் படுப்பவர்கள் ஒன்றாகக் குறைக்க வேண்டும். சரிந்து படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் போதும்.

இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சலூனில் தலைக்கு மசாஜ் செய்து முடித்ததும் கழுத்தைப் பிடித்து ‘சடக்’ என்று முறிக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். மற்றது பனடோல். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால் அந்தக் குளிசையே தலையிடியைத் தொடர வைக்கும்.

சுவரில் தொங்கும் கலண்டரில் தலையிடி வந்த நாளையும் குளிசை போட்ட நாளையும் குறித்து வாருங்கள். 6 கிழமையில் குறையாவிட்டால், அல்லது பயிற்சியால் வலி கூடினாலோ கை விறைத்தாலோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அல்லது பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் கிட்டியதன் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இயன்மருத்துவத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. போகும்போது அந்தக் கலண்டர் தாளையும் கொண்டுபோங்கள்.