முள்ளு நடுவுல நிக்குது, இன்ஜின் நல்லா இருக்கா?

டெம்பரேச்சர் மீட்டர் எதைக் காட்டும்னு வைவாவுல கேட்டா, "இன்ஜின் வெப்பநிலை"ன்னு டக்குனு சொல்லிடுவோம். உண்மையில் அது காட்டுவது, சென்சார் முனை எதைத் தொட்டுக்கிட்டு இருக்கோ அதோட வெப்பநிலையை மட்டும்தான். இந்த வித்தியாசம் நமக்கு ரெண்டு மார்க். லாரி வெச்சிருக்கவருக்கு ஒரு சிலிண்டர் ஹெட்.

நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பசங்களுக்கு இது புரியும். ஒரே ஒரு லாரி வாங்கி, டியூ கட்டிக்கிட்டு, தானே ஓட்டுறவங்க அங்க உண்டு. ஹெட் வளைஞ்சு போச்சுன்னா லேத் பட்டறைச் செலவு மட்டும் இல்ல, வண்டி நிக்கிற நாளுக்கும் டியூ ஓடும். அதனாலதான் பழைய டர்போ டீசல் வண்டியில வெளியில வாங்கின மீட்டர் மாட்டலாமான்னு, "இன்ஜினியரிங் படிக்கிற தம்பி"யான நம்மகிட்ட வந்து கேக்குறாங்க. மாட்டலாம். ஆனா ஒரு விஷயம் முதல்லயே தெரிஞ்சிருக்கணும்: இந்த வேலையில வர்ற பெரும்பாலான தப்புகள் மீட்டரைக் குறைவாகவே காட்ட வைக்கும். இன்ஜின் வெந்துக்கிட்டு இருக்கும், முள்ளு "எல்லாம் ஓகே"ன்னு சொல்லும். எங்கெங்க அப்படி ஆகுதுன்னு ஒவ்வொண்ணா பாப்போம்.

எந்த வெப்பத்தை அளக்கிறோம்?

லாரியில முக்கியமா ரெண்டு. ஒண்ணு கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணி. இன்னொண்ணு எக்ஸாஸ்ட் கேஸ். கம்பெனி டாஷ்போர்டுல முதல் மீட்டர் இருக்கும். ஆனா பல வண்டிகளில் அந்த முள்ளு ஒரு அகலமான வெப்ப எல்லைக்குள்ள நகராம நடுவுலயே நிக்கிற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க. டிரைவர் சும்மா பயப்படக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. நம்பர் காட்டுற தனி மீட்டர் வாங்குறதுக்கு இது ஒரு காரணம்.

எக்ஸாஸ்ட் மீட்டருக்குக் காரணம் வேகம். தண்ணி சூடாக நிமிஷங்கள் ஆகும், எக்ஸாஸ்ட் சூடு செகண்டுகளில் ஏறும். பண்ணாரியிலிருந்து திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு. ஃபுல் லோடோட மேல் கியர்லயே இழுத்துக்கிட்டுப் போனா ஆர்.பி.எம். விழும், டர்போ காத்து குறையும், ஆக்சிலரேட்டர் மட்டும் முழுசா அமுங்கியிருக்கும். டீசல்ல எரிபொருள் அதிகமாகிக் காத்து குறைஞ்சா எக்ஸாஸ்ட் சூடு ஏறும். ஒரு கியர் குறைச்சா அதே இன்ஜின் இன்னும் அதிகக் காத்து இழுக்கும், சூடு கண் முன்னாடியே இறங்கும். டர்போவுக்கு முன்னாடி அளந்தா, தொடர்ந்து ஓட்டுறதுக்குச் சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீங்கன்னு பொதுவா சொல்லுவாங்க. இன்ஜின் கம்பெனி வேற எல்லை கொடுத்திருந்தா அதுதான் கணக்கு. சுத்தமான அலுமினியம் உருகுறது 660 டிகிரியில. எண்ணெயும் தண்ணியும் சூட்டை எடுத்துக்கிட்டே இருக்கிறதாலதான் அலுமினிய பிஸ்டன் தாங்குது.

தண்ணி சென்சார்

இது பெரும்பாலும் ஒரு என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸ் குறையும். இதுல கவனிக்க வேண்டியது நாலு.

முதல்ல இடம். தெர்மோஸ்டாட்டுக்கு இன்ஜின் பக்கம் மாட்டணும். ரேடியேட்டர் பக்க ஹோஸ்ல மாட்டினா, தெர்மோஸ்டாட் திறக்கிற வரைக்கும் ஆறிப்போன தண்ணியைத்தான் அளப்பீங்க. தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டிக்கிட்டா? இன்ஜின் கொதிக்கும், மீட்டர் குளுகுளுன்னு காட்டும்.

ரெண்டாவது எர்த். ஒத்தை ஒயர் சென்சாருக்கு அதோட மரை வழியாத்தான் எர்த் போகுது. லீக் ஆகக் கூடாதுன்னு டெஃப்லான் டேப்பைத் தாராளமா சுத்தினா, அந்த வழியில ரெசிஸ்டன்ஸ் கூடும். அதிக ரெசிஸ்டன்ஸ்னா மீட்டருக்குக் குறைஞ்ச சூடுன்னு அர்த்தம்.

மூணாவது ஜோடி. மீட்டரும் சென்சாரும் ஒரே செட்டா இருக்கணும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் ரெசிஸ்டன்ஸ் வளைவு வேற. மரை பொருந்துதுன்னு ஒண்ணோட சென்சாரை இன்னொண்ணோட மீட்டருக்குக் கொடுத்தா வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல.

நாலாவதுதான் ரொம்ப மோசமானது. ஹோஸ் வெடிச்சுத் தண்ணி மொத்தமும் கொட்டிப் போச்சுன்னு வைங்க. சென்சார் இப்போ தண்ணியில இல்ல, காத்துல தொங்குது. காத்து, தண்ணி மாதிரி சூட்டைக் கடத்தாது. ஹெட் வெந்துக்கிட்டு இருக்கும்போதே முள்ளு கீழ இறங்கலாம். ஆகவே ஏத்தத்துல முள்ளு திடீர்னு இறங்கினா சந்தோஷப்படாதீங்க, ஓரங்கட்டுங்க. கூலன்ட் அளவு காட்டும் சென்சார் ஒண்ணு தனியா இருந்தா இன்னும் நல்லது.

எக்ஸாஸ்ட் சென்சார்

இங்க கே டைப் தெர்மோகப்பிள். குரோமெல், அலுமெல்னு ரெண்டு உலோகக் கலவை. ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் வரும். மாட்டுற இடம் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னாடி, சிலிண்டர்களோட வழிகள் ஒண்ணு சேருற இடம். ஆறு சிலிண்டர் மேனிஃபோல்டு உள்ளுக்குள்ள ரெண்டு பாதையா பிரிஞ்சிருந்தா, சென்சார் பார்க்கிறது மூணு சிலிண்டரை மட்டும்தான்னு ஞாபகம் வைங்க. முனை கேஸ் ஓட்டத்தோட நடுவுக்குப் போகணும். சுவர்கிட்டயே நின்னா சூடு இரும்புக்குப் போய் அளவு குறையும்.

முனை ஒடிஞ்சு டர்பைன்ல விழுந்துடுமோன்னு பயந்து டர்போவுக்குப் பின்னாடி மாட்டுறவங்க உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனா லோடுல டர்பைன் வேலை செய்யும்போது கேஸ் நூறு டிகிரிக்கு மேலயே குறைஞ்சு வெளிய வரலாம். அந்தக் குறைவு லோடுக்கு லோடு மாறும். அதனால "காட்டுறதோட இவ்ளோ கூட்டிக்கோ"ன்னு நிலையான கணக்குச் சொல்ல முடியாது.

துளை போடுறது நிதானமா செய்யவேண்டிய வேலை. வழக்கமான 1/8 என்.பி.டி. மரைக்குச் சுமார் 8.7 மில்லிமீட்டர் டிரில். மேனிஃபோல்டைக் கழட்டி வெளிய வெச்சுப் போடுறதே சரி. வண்டியிலயே போட்டா, பிட்டுலயும் டேப்புலயும் கிரீஸ் தடவி, காந்தம் வெச்சு எல்லாத் துகளையும் எடுக்கணும். ஒரு இரும்புத் துகள் போதும், டர்பைன் இறக்கையைச் சாப்பிட.

ஒயர் குட்டையா இருக்குன்னு நடுவுல சாதா காப்பர் ஒயர் போடாதீங்க. தெர்மோகப்பிள் தர்ற வோல்டேஜ் ரெண்டு முனைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. மீட்டர் தன் முனையோட வெப்பத்தை, உதாரணமா கேபின்ல 35 டிகிரி, கூட்டிக் கணக்குப் போடும். காப்பர் சேர்ந்த இணைப்பு இன்ஜின் பக்கத்துல 80 டிகிரியில இருந்தா, உண்மையான முனை அங்கேயே முடிஞ்சு போச்சு. 45 டிகிரி காணாமப் போகும். எக்ஸாஸ்ட் 700-ல இருக்கும், மீட்டர் 655 காட்டும். கே டைப் எக்ஸ்டென்ஷன் ஒயரே போடணும். அமெரிக்க வண்ண முறையில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். பழக்க தோஷத்துல மாத்திடாதீங்க.

24 வோல்ட் சிக்கல்

இந்த மீட்டர்களில் நிறைய 12 வோல்ட். நம்ம கனரக லாரி 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரீஸ்ல. ஒரே பேட்டரியிலிருந்து 12 எடுத்தா சுலபம்னு தோணும். ஆனா ஆல்டர்னேட்டர் ரெண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் பண்ணுது. ஒண்ணு எப்பவும் குறைஞ்சே இருக்கும், இன்னொண்ணு அதிகமா சார்ஜ் ஆகி வீணாகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்க. சப்ளை இக்னிஷன் கீக்குப் பிறகு எடுங்க. ஃபியூஸ் சப்ளை எடுக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும்.

மாட்டுறதுக்கு முன்னாடி சோதனை

அடுப்பு, பாத்திரம், மல்டிமீட்டர் போதும். தண்ணி சென்சாரை மீட்டரோட இணைச்சு, சென்சார் உடம்புக்கு ஒரு எர்த் ஒயர் கொடுத்து, முனையைக் கொதிக்கிற தண்ணியில வைங்க. சமவெளியில 100-ஐ ஒட்டிக் காட்டணும். ஊட்டியில செஞ்சா 92, 93-லயே தண்ணி கொதிச்சிடும், அதுக்கு மீட்டரைத் திட்டாதீங்க. எக்ஸாஸ்ட் மீட்டர்ல 100 டிகிரி ஸ்கேலிலேயே இல்லாமப் போகலாம். அப்போ தெர்மோகப்பிள் ஒயரை நேரா மல்டிமீட்டர்ல கொடுங்க. அறை 30 டிகிரியா இருந்தா, கொதிக்கிற தண்ணியில சுமார் 2.9 மில்லிவோல்ட் வரணும். வண்டியில மாட்டின பிறகு, காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது ரெண்டு மீட்டரோட சென்சாரும் வெளி வெப்பத்துலதான் இருக்கும். அதுக்கு ஒத்துப் போகுதான்னும் ஒரு தடவை பாருங்க.

பி.எஸ். 6 வண்டியா?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த லாரின்னா துளையே போடாதீங்க. எக்ஸாஸ்ட் சுத்திகரிப்புக்காகக் கம்பெனியே வெப்ப சென்சார்கள் வெச்சிருக்கு, துளை போட்டா வாரன்டி பிரச்சினையும் வரும். கனரக வண்டிகளில் ஜே1939 கேன் பஸ்ல தகவல் ஓடுது. கூலன்ட் வெப்பம் எஸ்.பி.என். 110, ஒரே பைட். வர்ற எண்ணிலிருந்து 40-ஐக் கழிச்சா டிகிரி செல்சியஸ். 130 வந்தா 90 டிகிரி. மைக்ரோகன்ட்ரோலர் தெரிஞ்ச ஜூனியர்ஸுக்கு இது நல்ல மினி புராஜெக்ட். ஆனா முதல் பாடம் இங்கயும் மாறாது. தண்ணி இல்லாத இடத்துல இருக்கிற சென்சார் கேன் பஸ் வழியாகவும் அதே பொய்யைத்தான் சொல்லும்.

கடைசியா ஒண்ணு. வேலை முடிஞ்சதும் ஓனர்கிட்ட சாவியை மட்டும் கொடுத்துட்டு வந்துடாதீங்க. டிரைவரைப் பக்கத்துல உட்கார வெச்சு, எந்த நம்பர்ல கியர் குறைக்கணும், எந்த நம்பர்ல வண்டியை நிறுத்தணும், முள்ளு திடீர்னு விழுந்தா என்ன அர்த்தம்னு மூணையும் சொல்லிட்டு வாங்க. ராத்திரி ஏத்தத்துல அந்த மீட்டரைப் பாக்கப் போறது அவர்தான்.