சொட்டுநீரால் உப்பு பூக்கிறதா?

சொட்டுநீர் போட்டால் மண்ணில் உப்பு பூக்கும், செடி பட்டுப்போகும் என்ற பேச்சு புதுச்சேரியில் முதலியார்பேட்டை தாண்டி கடலூர் சாலை நெடுக, அரியாங்குப்பம், தவளக்குப்பம், பாகூர் வரை ஓயாமல் கேட்கிறது. இதை நம்பி நல்ல குழாயைச் சுருட்டி மோட்டார் கொட்டகையில் போட்டுவிடுகிறார்கள். வீண் வேலை.

கத்தரிச் செடியடியில் ஈரவட்டத்தின் ஓரமாக வெள்ளை வளையம் தெரிவது உண்மைதான். ஆனால் அந்த உப்பு போர்வெல் தண்ணீரோடு வந்தது, குழாயில் பிறந்ததல்ல. தண்ணீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸ் என்றால் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வாய்க்காலில் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது ஒரே பாய்ச்சலில் சுமார் 260 கிலோ உப்பு நிலத்தில் இறங்குகிறது. வயல் முழுக்கப் பரவிவிடுவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். சொட்டுநீரில் தண்ணீர் பாதியானால் உப்பும் பாதி. வேர் இருக்கும் இடம் ஈரமாகவே இருப்பதால் உப்பு விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. அந்த வளையம் குழாய் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம்.

செடியைக் கொல்வது வேறொரு பழக்கம்: தூறல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்துவது. லேசான மழை வளையத்து உப்பைக் கரைத்து வேருக்கே கொண்டுவந்து சேர்க்கும். தூறலின்போது சொட்டுநீர் ஓடத்தான் வேண்டும். ஐப்பசி அடைமழை வந்து உப்பை ஆழத்துக்கு இறக்கிய பிறகு நிறுத்தலாம். பீன்ஸ், வெங்காயம், மிளகாய் உப்பைத் தாங்காத பயிர்கள். அவற்றை நடும் முன் தண்ணீரைப் பரிசோதிக்காதது விவசாயியின் தவறு, குழாயின் தவறல்ல.

  

இங்கே போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறக் காரணம் கடல். கரையோரத்தில் மழை ஊற்றுவதைவிட அதிகமாக உறிஞ்சினால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறும். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த புதுச்சேரியில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் மட்டும் கிணற்றை நிரப்பாது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர்வார வேண்டும். ஏரி நிரம்பினால்தான் சுற்றியுள்ள கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறும்.