நிலமும் நிறைகோலும்

நல்லாசிரியரின் இயல்பு கூறவந்த நன்னூலார் நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை உவமையாகக் காட்டினார். வகுப்பறைக்கு உரைத்த அவ்விலக்கணம் விளையாட்டிடத்துப் பயிற்றுவோர்க்கும் பொருந்துமோ? பொருந்தும் என்பதற்கு அமெரிக்கராகிய ஜோன் வூடனின் வரலாறே சான்றாகும். நான்கனுள் நிலம், நிறைகோல் என்னும் இரண்டினை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

வூடன் 1910ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்திற் பிறந்தார். பேர்டியூ பல்கலைக்கழகத்திற் பயின்றபோது கூடைப்பந்தாட்டத்தில் ஒப்பற்ற வீரராய் விளங்கி, 1930 முதல் மூன்றாண்டுகளும் அகில அமெரிக்க அணிக்குத் தெரிவுசெய்யப்பெற்றார். நிலத்தில் வீழ்ந்தாலும் பந்துபோல் உடனே துள்ளி எழுவாராதலின், ‘இரப்பர் மனிதர்’ என அவரை அழைத்தனர். 1932இல் பட்டம் பெற்றதும் அவர் மேற்கொண்டது ஆசிரியத் தொழிலே. உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே அணிகளையும் பயிற்றினார். முதலாண்டில் அவரது அணி பெற்ற வெற்றியினும் தோல்வியே மிகுதி.

நிறைகோலின் சிறப்பு நடுவுநிலைமை. இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் வூடன் பயிற்றுநராயிருந்தபோது, 1947இல் நாடளாவிய போட்டியொன்றிற்கு அவரது அணி அழைக்கப்பெற்றது. ஆயின் கறுப்பினத்தவர் ஆடலாகாது என்பது அப்போட்டியின் விதி. அணியிலோ கிளாரன்ஸ் வாக்கர் என்னும் கறுப்பின மாணவர் இருந்தார். அவரை விட்டுச் செல்ல உடன்படாத வூடன் அழைப்பையே மறுத்தார். மறுவருடம் அத்தடை நீங்க, வாக்கர் அப்போட்டியில் ஆடிய முதற் கறுப்பினத்தவரானார். அணி இறுதியாட்டத்தில் தோற்றது. எனினும் அறம் தோற்கவில்லை.

உழவின் அளவிற்கும் பருவத்திற்கும் ஏற்பப் பயன் தருவது நிலம். 1948இல் வூடன் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பொறுப்பேற்றார். அங்கே தேசிய வாகை கிட்டியது 1964இல். இடைப்பட்ட காலத்திற் பழைய பயிற்சிக் கூடத்தின் தரையைத் தாமே துடைத்தும் வந்தார். அதன்பின், 1975இல் ஓய்வு பெறும் வரையுள்ள 12 ஆண்டுகளில் 10 வாகைகள்; அவற்றுள் 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு. 1971 முதல் 1974 வரை 88 ஆட்டங்களில் இடையறாத வெற்றி.

இவ்வெற்றிக்கு மூலம் யாது? பருவத்தின் முதல் நாளில், புகழ்பெற்ற வீரர்க்கும் காலுறையைச் சுருக்கமின்றி அணியும் முறையையே அவர் முதற்பாடமாகக் கற்பித்தார். சுருக்கத்தாற் கொப்புளம் உண்டாகும். கொப்புளம் கண்ட காலால் ஓடல் இயலாது. ஒவ்வொரு நாட் பயிற்சியையும் நிமிடக் கணக்கில் வகுத்துச் சிறு அட்டையில் எழுதிவைத்தார். அவர்தம் இறுதிப் பருவத்தில் உளநூலார் இருவர் அருகிருந்து அவர் சொற்களைக் குறித்தனர். அவற்றுள் ஏறக்குறைய முக்காற் பங்கு இன்னது செய்க, இவ்வாறு செய்க என்னும் போதனையே; புகழ்ச்சியும் கடிதலும் மிகச் சிலவே.

ஆசிரியராகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடிந்துரைத்தல் எளிது, பிழை திருந்தும் வழியைக் காட்டுதலே அரிது. மாணவர்களும் ஒன்றை உளங்கொள்க: கேடயங்களை எண்ணுமுன் காலுறையின் சுருக்கத்தை நீக்குக. கல்வியும் ஆட்டமும் ஆங்கிருந்தே தொடங்குகின்றன.