சோளகம் வீசும் மாதத்தில் எந்தக் கடல்?

அளவெட்டி,
பங்குனி மாதம்.

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பெயர்களையும் பார்த்தேன்: கிரேக்கத் தீவுகள், தாய்லாந்து, இலங்கை. சோதினை முடிய, ஓகஸ்டில் இரண்டு சிநேகிதிகளோடு முதன்முதலாக அப்பா அம்மா இல்லாமல் போகப்போகிறாய். எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்த எனக்கு ஒரு சொல்லில் மறுமொழி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

பயண விளம்பரங்கள் நாட்டின் பெயரைத்தான் விற்கும். கடற்கரைக்குப் போகிறவளுக்கு அது காணாது. எந்தக் கரை, எந்த மாதம் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். லண்டனில் இருக்கிற உனக்கு வருஷம் என்றால் கோடையும் குளிரும். எங்கள் பக்கத்தில் வருஷத்தைப் பிரிப்பது காற்று. அளவெட்டியில் கடல் இல்லை, செம்மண்ணும் தோட்டக் கிணறுந்தான். ஆனாலும் காற்று மாறுவது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை கொட்டும். பிறகு வடகிழக்கிலிருந்து வாடை.

சோளகம் இந்து சமுத்திரத்தைக் கடந்து ஈரத்தோடுதான் வருகிறது. காலி, கொழும்புப் பக்கத்தில் கரையேறி, மலைநாட்டில் முட்டி, சுமந்து வந்த மழையில் பெரும்பங்கை அங்கேயே இறக்கிவிடும். மலையைத் தாண்டி வடக்குக்கும் கிழக்குக்கும் வரும்போது அது வறண்ட காற்று. ஆகவே ஒரே ஓகஸ்டில் தென்மேற்குக் கரை ஹிக்கடுவையில் அலை எழும்பி, குளிக்க ஏலாத நாள்கள் வரும். கிழக்குக் கரை நிலாவெளியிலோ கடல் குளம்போலக் கிடக்கும். டிசெம்பரில் நிலைமை அப்படியே மாறிவிடும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் தென்மேற்குக் காற்று தொடங்கினால் வள்ளம், வலைகளோடு கிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். பிழைப்புக்காகக் கடலோடு இருப்பவர்களே காற்றைப் பார்த்துக் கரை மாறுகிறார்கள். இரண்டு கிழமை உல்லாசத்துக்கு வரும் நீயும் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதே கணக்கைத் தாய்லாந்துக்குப் போட்டுப் பார். புக்கெட், கிராபி இரண்டும் அந்தமான் கடல் பக்கம். மே முதல் ஒக்ரோபர் வரை அங்கே மழைக்காலம், அலையும் பொல்லாதது. ஓகஸ்டில் அங்கே நல்ல ஹோட்டல் அறை பாதி விலைக்குக் கிடைத்தால் மலிவுக்குக் காரணம் அதுதான். கோ சமுய் மற்றப் பக்கத்தில், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது; அதற்குப் பெருமழை ஒக்ரோபருக்குப் பிறகுதான். ஆகவே தாய்லாந்து என்று முடிவெடுத்தால் சமுய் பக்கம் போ. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளும் ஓகஸ்டுக்கு நல்லவை. இந்தியாவின் மேற்குக் கரையில் இருக்கும் கோவாவையும் கோவளத்தையும் அந்த மாதத்தில் நினைக்கவே வேண்டாம். கரீபியன் தீவுகளுக்கு யூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அது உச்சம்.

கிரேக்கத் தீவுகளில் ஓகஸ்டில் மழை இல்லை, கடலும் இளஞ்சூடு. ஆனால் ஏஜியன் கடலுக்கும் ஒரு காற்று உண்டு. மெல்டெமி என்பார்கள், யூலை, ஓகஸ்டில் வடக்கிலிருந்து வீசும். அது ஓங்கும் நாளில் தீவுகளுக்கு இடையே கப்பல் ஓடாது. ஆகவே விமானம் ஏறும் நாளுக்கு முதல் நாள் வரை சின்னத் தீவில் நிற்காதே. வெயிலையும் லேசாக எண்ணாதே. 2023 யூலையில் ஏதென்ஸ் அக்ரோபொலிஸை மத்தியானங்களில் பூட்டிவைத்தார்கள். அதே மாதம் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவி, ஏறக்குறைய 19,000 பேரை இடம்பெயர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உன்னைப்போல் விடுமுறைக்குப் போனவர்கள். பயணக் காப்புறுதியை ரிக்கற் போடும் அன்றே எடு என்று நான் சொல்வது இதனால்தான். காப்புறுதிப் பத்திரத்தில் எதற்குக் காசு தரமாட்டோம் என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் வாசி. உரிய லைசென்ஸ் இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓடி விழுந்தால் அநேகமாக ஒரு சதமும் வராது.

இனி இலங்கை. ஊருக்குத்தான் போகவேண்டும் என்று அப்பா நிற்கிறார் என்று எழுதியிருந்தாய். கடமைக்காக வராதே, பிள்ளை. விருப்பம் இருந்தால் வா. ஓகஸ்ட் அதற்குச் சரியான மாதம். வந்தால் கடலையும் ஊரையும் ஒரே கிழமைக்குள் திணிக்காதே. சொந்தக்காரர் வீடுகளில் தேத்தண்ணி குடித்தே நாள் போய்விடும். முதல் கிழமை கிழக்குக் கரை. நீந்தத் தெரியாத சிநேகிதிக்குப் பாசிக்குடா நல்லது. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதான். அலைச்சறுக்கு ஆசை என்றால் அறுகம்பை. நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போகலாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறையில் கால் வைக்காதே. ஒரு மிதியில் உடைவது பழையபடி வளரப் பல வருஷம் எடுக்கும்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணம். காரைநகர் கசூரினா கடற்கரை ஆழமில்லாதது. கீரிமலைக் கேணியில் நன்னீர். சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல். பெண்களுக்கு வேறு கேணி இருக்கிறது. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு. சோளகம் ஓங்கிய நாளில் அது நன்றாக ஆட்டும், சத்திக் குளிசை கொண்டு வா. போர்த்துக்கேயர் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை அங்கே மேய்ந்து திரிகின்றன. வறட்சி மாதங்களில் தண்ணிக்குத் தவிக்கும் பிராணிகள் அவை. படம் எடுக்க என்று துரத்தாதே. பின்னேரங்களில் நல்லூர்க் கோயில். இருபத்தைந்து நாள் திருவிழா, ஆடி அமாவாசையின் ஆறாம் நாள் கொடியேறும். உலகம் முழுக்க இருந்து எங்கள் சனம் வந்து குவிகிற நேரம். அறைகளும் ரயில் இருக்கைகளும் கெதியாக முடிந்துவிடும். நீங்கள் மூவரும் எங்கள் வீட்டில்தான் நிற்கவேண்டும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர் இது. ஒரு கோயில் இரவிலாவது நின்று தவில் கேட்டுவிட்டுத்தான் உங்களை அனுப்புவேன்.

எந்தக் கடலுக்குப் போனாலும் இதை மூவரும் மனப்பாடம் செய்யுங்கள். கரையில் உடையும் அலைத் தண்ணி சில இடங்களில் ஒரு ஒடுங்கிய ஓட்டமாகத் திரும்பக் கடலுக்குள் இழுக்கும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதே, இழுவை அங்கேதான். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதே, களைத்துப்போவாய். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையைவிட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்பு. ஏலாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரையை நோக்கி மல்லுக்கட்டித்தான் மூழ்கியிருக்கிறார்கள்.

கடவுச்சீட்டை இன்றைக்கே எடுத்துப் பார். பதினாறு வயதுக்கு முன் எடுத்த பிரித்தானியக் கடவுச்சீட்டு ஐந்து வருஷத்துக்குத்தான். உன்னுடையது முடியும் தறுவாயில் இருக்கக்கூடும். கிரேக்கத்துக்கு, நீ திரும்பும் நாளுக்குப் பிறகும் அது மூன்று மாதம் செல்ல வேண்டும். இலங்கைக்கு, வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம், அதோடு வர முன்னரே இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி. அதை அரசாங்க இணையத்தளத்தில் மட்டும் எடு. அதுபோலவே தோற்றம் காட்டி மேலதிகக் காசு பறிக்கும் தளங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானமும் இறங்குகிறது. சென்னை வழியாக அங்கே வர யோசித்தால், இரண்டு ரிக்கற்றும் ஒரே பதிவில் இருக்கிறதா என்று பார். தனித்தனி என்றால் சென்னையில் பெட்டியை வெளியே எடுக்க வேண்டிவரும்; அதற்கு இந்திய விசா வேண்டும்.

சிநேகிதிகளோடு கதைத்துத் திகதியை முடிவுசெய். ரிக்கற் போட முன்னம் எனக்கு எழுது. பஞ்சாங்கத்தில் ஆடி அமாவாசை எந்த நாள் என்று பார்த்து, கொடியேற்றத்தையும் தேரையும் சொல்கிறேன். மூவரில் யார் மச்சம் சாப்பிடாதவர் என்றும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா