கிளான் கலையாமல் இருக்க 14 கைக்குறிப்புகள்

பிரிஞ்சாங்கில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். கையில் கைப்பேசி, அதில் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். 2012-இல் வந்த விளையாட்டை இன்றைக்கும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஒரே கிளானில் சேர்ந்து ஆடுகிறார்கள். கிளான் தொடங்க ஒரு காசு செலவில்லை. அதைக் கலையாமல் வைத்திருப்பதில்தான் சாமர்த்தியம். எங்கள் வீட்டில் கைகண்ட வழிகள் இதோ, தோழிகளே! உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

1. கிளானில் 50 பேர் வரை சேரலாம் என்பதற்காக முன்பின் தெரியாதவர்களைக் கொண்டு நிரப்பாதீர்கள். வாருக்கு, அதாவது வேறு கிளானோடு மோதும் சண்டைக்கு, 5 பேர் இருந்தாலே போதும். சொன்ன நேரத்துக்கு வரும் 15 பேர், எட்டிப் பார்க்காத 50 பேரைவிட மேல்.

2. யார் வேண்டுமானாலும் நுழையும்படி கதவைத் திறந்து போடாமல், கேட்டுச் சேரும் முறையில் வையுங்கள். "படிக்கிறாயா, வேலையா? எத்தனை மணிக்கு விளையாட வருவாய்?" என்ற இரண்டு கேள்வி போதும். பிற்பாடு வரும் பாதி மனத்தாங்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

3. சட்டதிட்டம் நாலு வரிக்குள் இருக்கட்டும். அதைக் கிளான் விவரத்திலேயே எழுதி வையுங்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கும் வேலை மிச்சம்.

4. கோ-லீடர் பதவியைச் சாக்லேட் மாதிரி எல்லாருக்கும் கொடுக்காதீர்கள். வார் தொடங்கவும் ஆளை நீக்கவும் அவரால் முடியும். இரண்டு மூன்று பேர் போதும். ஒருவர் தோட்டத்தில், ஒருவர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருந்தால், இங்கே மின்சாரம் போனாலும் அங்கே வேலை நடக்கும்.

5. வாரை வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வாக்கில் தொடங்கிப் பாருங்கள். ஆயத்தத்துக்கு 23 மணி நேரம், சண்டைக்கு 24 மணி நேரம் என்பதால், சனி இரவு 8 மணியிலிருந்து ஞாயிறு இரவு 8 வரை அடிக்கலாம். பள்ளியும் கெடாது, வேலையும் கெடாது.

6. கெடா, கிளந்தான், திரங்கானு பிள்ளைகள் கிளானில் இருக்கிறார்களா? அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி நாள். ஆகவே அவர்களைச் சனி இரவே அடித்து முடிக்கச் சொல்லிவிடுங்கள்.

7. கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பதுபோல, எதிரி ஊர்களையும் பிரித்துக் கொடுங்கள். முதல் அட்டாக்கில் அவரவர் எண்ணுக்கு நேர் எண், இரண்டாவதில் மிச்சம் கிடக்கும் நட்சத்திரம். இருவர் ஒரே ஊரில் போய் மோதி அட்டாக்கை வீணாக்க மாட்டார்கள்.

8. சுங்கை பாலாஸ் பக்கம் மாதிரிப் பள்ளத்தில் வீடு என்றால், மழைக்கு முன்பே காலையில் அட்டாக்கை முடித்துவிடுங்கள். ஒரு அட்டாக் மூன்று நிமிடம்தான். நடுவில் லைன் அறுந்தால் அது போனதுதான். கேமுக்கு அப்டேட் வந்தால் பட்டணத்துக்குப் போகும்போது வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள், டாப்-அப் காசு மிஞ்சும்.

9. எஸ்.பி.எம். எழுதுகிற பிள்ளைகள் வாருக்கு 'வரவில்லை' என்று சிவப்பை அழுத்தி வைக்கட்டும். அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சுவர்க் காலண்டரில் தீபாவளி, தைப்பூசத்தோடு நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் வட்டம் போட்டு, அந்த வாரங்களில் வாருக்கு ஓய்வு விடுங்கள்.

10. மற்றவர்களுக்குப் படை கொடுத்த தானக் கணக்கை மட்டும் வைத்து ஆளை எடை போடாதீர்கள். சின்ன டவுன் ஹால் பிள்ளையால் பெரிய படை கொடுக்க முடியாது. வாரில் இரண்டு அட்டாக்கையும் தவறாமல் அடிக்கிறானா என்று பார்த்து எல்டர் ஆக்குங்கள்.

11. கிளானே சேர்ந்து அடிக்கும் ரெய்டு வீக்கெண்ட் நம் நேரப்படி வெள்ளி பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி திங்கள் பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. பாசார் மாலாம் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாபகச் செய்தி போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒவ்வொருவராகத் துரத்த வேண்டியதில்லை.

12. வார் லீக் முடிந்து போனஸ் மெடல் பங்கிடும்போதுதான் நல்ல கிளான்கள் உடைகின்றன. சீட்டு கட்டுவதுபோல, யாருக்கு எந்த மாதம் என்று முன்கூட்டியே பட்டியல் எழுதிப் புலனத்தில் போட்டுவிடுங்கள். எல்லாருக்கும் தெரிந்த கணக்கில் சண்டை வராது.

13. தோற்ற இரவில் கிளான் சாட்டில் யாரையும் திட்ட வேண்டாம். ஒரு தூக்கம் போட்டு எழுந்து, அந்தப் பிள்ளையைத் தனியாகப் புலனத்தில் கூப்பிட்டுப் பேசுங்கள். பிறகு நட்புச் சவாலில் இரண்டு தடவை பழக்கிவிடுங்கள். அதில் அடித்தால் படை குறையாது.

14. ஒருவரை இரண்டு நாளாகக் காணோமா? "ஏன் அடிக்கவில்லை?" என்று கேட்பதற்கு முன்னால் "வீட்டில் எல்லாரும் சுகமா, தம்பி?" என்று கேளுங்கள். மலைப்பாதையில் மண் சரிந்து மின்சாரம் போயிருக்கலாம், அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் இருக்கலாம். அப்படி நாங்கள் விசாரித்த ஒரு பையன்தான் இன்றைக்கு எங்கள் கோ-லீடர். சனி இரவு 8 மணி அடித்ததும் முதல் அட்டாக் அவனுடையது.