ஈரலைக் காக்குமா பச்சிலை? – சுகாதாரப் பாடம்

"தம்பி, உந்தக் குளிசையளாலைதான் உனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. அதுகளை விட்டுப்போட்டுக் கீழ்க்காய்நெல்லியை அரைச்சு மோரிலை குடி."

பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் காசநோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு அயல்வீட்டு ஆச்சி இப்படித்தான் சொல்வார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அதில் பாதி சரி, பாதி ஆபத்து.

நாம் விழுங்கும் மருந்தை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து எடுக்க வேண்டும். அதிலுள்ள ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மூன்றும் சிலருக்கு ஈரலைத் தாக்கக்கூடும். ஆகவே குளிசையால் ஈரல் பழுதாகலாம் என்பது சரியே.

பச்சிலையின் கதை என்ன? 1980களிலும் 1990களிலும் இலங்கை ஆய்வாளர்கள் நமது வேலிகளில் படரும் முசுமுசுக்கையையும், சிங்களத்தில் 'ஹீன் போவிட்டியா' எனப்படும் செடியையும் எலிகளில் சோதித்தார்கள். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு கொடுத்த எலிகளுக்கு இச்சாறுகளால் சேதம் குறைந்தது. 1988 இல் சென்னை ஆய்வாளர்கள் கீழ்க்காய்நெல்லி மஞ்சள் காமாலை 'பி' வைரசுக்கு உதவுவதாக எழுதினார்கள். பின்னர் வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

எலிக்கு நன்மை செய்தது என்பதால் மனிதருக்கும் அப்படியே செய்யும் என்று சொல்ல முடியாது. சில மூலிகைகளே ஈரலைக் கெடுப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட, மருந்தை இடையில் விட்டால் கிருமி சாகாது. அந்த மருந்துக்கே அடங்காததாக மாறி, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றலாம்.

பரசிற்றமோலும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை 8க்கு மேல் எடுக்கக் கூடாது. கூட எடுத்தவர் முதல் நாள் சுகமாக இருப்பது போலத் தெரியும். ஏமாற வேண்டாம். இதற்கு அசிற்றைல்சிஸ்ரீன் என்ற மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் ஈரலைக் காப்பாற்றலாம். சாறு பிழிந்துகொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும்.

நினைவில் வைக்க:

1. ரிபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது செங்கண்மாரி அல்ல, பயப்படாதீர்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

2. கண் மஞ்சளானால், ஓயாமல் ஓங்காளித்தால், பசி அறவே போனால், அடுத்த வேளைக் குளிசைக்கு முன்னரே கிளினிக்குக்குப் போங்கள். நிறுத்துவதையும் திரும்பத் தொடங்குவதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

3. மருந்து முடியும்வரை கள்ளும் சாராயமும் வேண்டாம்.

4. மூலிகை ஏதும் குடித்தால் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சித்த வைத்தியரிடம் போனால் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆச்சியின் அன்பை ஏற்போம். முசுமுசுக்கை வறையைச் சோற்றோடு சாப்பிடுவோம். குளிசையை மட்டும் விடாதிருப்போம்.